பழைய அம்பாசிடரில் கூடுதல் மீட்டர் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014இல் உற்பத்தி நின்ற பிறகும் தமிழ்நாட்டுச் சாலைகளில் அம்பாசிடர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பேணி வைத்திருப்பவர்களில் பலர் இன்ஜின் சூடு, ஆயில் பிரஷர், பேட்டரி வோல்டேஜ் ஆகியவற்றைக் காட்டும் தனி மீட்டர்களைப் பொருத்த விரும்புகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது டேஷ்போர்டில் எங்கே துளை போடுவது என்றுதான். மீட்டர் உண்மை சொல்லுமா என்பதோ பானெட்டுக்குள், சென்சார் உட்காரும் இடத்தில் முடிவாகிறது. அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின் உள்ள வண்டியை மனத்தில் வைத்து எழுதியது இது. பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எச்சரிக்கை விளக்கு இருக்கும்போது தனி மீட்டர் எதற்கு?

ஆயில் விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச், பிரஷர் ஏறக்குறைய 5 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற பிரஷர் அளவு) வரை இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். நல்ல நிலையில் உள்ள இந்த இன்ஜின், சூடேறி ஓடும்போது 50 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்ட வேண்டும். பேரிங் தேய்ந்து அது 40 ஆகி, 30 ஆகி, 20 ஆனாலும் விளக்கு வாயைத் திறக்காது. அது எரியும் நேரத்தில் வண்டி நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால், பேரிங்குக்கு மீதம் இருப்பது சில நொடிகள்தான். மீட்டர் இருந்தால் அந்தச் சரிவை ஓராண்டு முன்பே பார்த்திருக்கலாம். நாற்பது ஐம்பது ஆண்டு ஓடிய இன்ஜினுக்கு அந்த முன்னறிவிப்பு மிகப் பெரிய விஷயம்.

மூன்றையும் ஒரே நேரத்தில் பொருத்த வேண்டுமா? எதை முதலில் பொருத்தலாம்?

நம் வெயிலுக்கு வெப்ப மீட்டர்தான் முதலில். சித்திரை மாதத்தில் நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அதைவிட அவசரமான மீட்டர் வேறில்லை. அடுத்தது ஆயில் பிரஷர். வோல்ட் மீட்டர் பொருத்த இரண்டு ஒயர் போதும், செலவும் குறைவு. அதனால் டேஷ்போர்டைக் கழற்றும் நாளிலேயே அதையும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது. வேக்குவம் மீட்டர் கார்புரேட்டர் டியூனிங்குக்கு நன்றாக உதவும், ஆனால் அதை வேலை நாளன்று மட்டும் ஹோஸ் வழியாக இணைத்துப் பார்த்தால் போதும். டேஷ்போர்டில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

மெக்கானிக்கல் மீட்டர் நல்லதா, எலக்ட்ரிக் மீட்டர் நல்லதா?

மெக்கானிக்கல் ஆயில் மீட்டருக்குள் இருப்பது வளைந்த ஒரு பித்தளைக் குழாய். 1849இல் பிரான்சில் யூஜீன் போர்டோன் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. பிரஷர் ஏறினால் வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு சிறு பற்சக்கரம் வழியாக முள்ளைத் தள்ளும். கரண்ட் வேண்டாம், எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) வேண்டாம், காட்டும் அளவும் துல்லியம். ஆனால் சூடான இன்ஜின் ஆயில் குழாய் வழியாக உங்கள் முழங்காலுக்கு மேல் வரை வந்து நிற்கும். இந்த மீட்டர்களோடு வரும் நைலான் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போனால் உருகிவிடும். செம்புக் குழாய் போட்டால், இன்ஜின் அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். அதைத் தவிர்க்க இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் குழாயை இரண்டு மூன்று சுற்று வளையமாகச் சுற்றி விடுவார்கள். பின்னல் உறை போட்ட ரப்பர் ஹோஸை இன்ஜினிலிருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் வண்டிக்குள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) வரை கொண்டுவந்து, அங்கிருந்து செம்புக் குழாயை எடுப்பது இன்னும் சிறந்த வழி.

மெக்கானிக்கல் வெப்ப மீட்டரில் ஒரு முனையில் உலோகக் குமிழ், நடுவில் மயிரிழைக் குழாய், மறுமுனையில் மீட்டர். மூன்றும் ஒன்றாக மூடி முத்திரையிட்டவை. உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கிறது. குழாய் நீளமாக இருக்கிறதே என்று வெட்டினால் மீட்டர் அந்த நொடியே செத்துவிடும். மிச்ச நீளத்தை அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டி வைக்க வேண்டும், கூர்மையாக மடிக்கக் கூடாது. குமிழ் ஃபயர்வாலைக் கடந்து போகும் அளவுக்கு அங்கே பெரிய துளையும் வேண்டும்.

எலக்ட்ரிக் மீட்டரில் ஃபயர்வாலைக் கடப்பது ஒரே ஓர் ஒயர். எதாவது அறுந்தால் முள் தவறாகக் காட்டும், அவ்வளவுதான். ஆயில் காலில் கொட்டாது. வீட்டார், குழந்தைகள் எல்லோரும் பயணிக்கும் வண்டிக்கு நான் எலக்ட்ரிக்கையே சொல்வேன். ஆனால் அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அடுத்து வரும் இரண்டு கேள்விகளில்தான் இருக்கின்றன.

மீட்டர் ஒரு கம்பெனி, சென்சார் வேறு கம்பெனி. சேருமா?

ஓம் அளவு, அதாவது மின்தடை, பொருந்தினால் மட்டுமே சேரும். ஐரோப்பிய வி.டி.ஓ. (ஒரு ஜெர்மன் நிறுவனம்) வகை ஆயில் சென்சார் பிரஷர் இல்லாதபோது 10 ஓம் காட்டும், முழு பிரஷரில் ஏறத்தாழ 180 ஓம் காட்டும். அமெரிக்க வகை இதற்கு நேர் எதிர்: பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழு பிரஷரில் 33 ஓம். இவற்றை மாற்றிக் கோத்தால் இன்ஜின் நின்றிருக்கும்போது முள் உச்சத்திலும், ஓடும்போது கீழேயும் நிற்கும். இது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். இரண்டும் ஒரே திசையில் ஓடி, அளவு மட்டும் வேறாக இருக்கும் ஜோடிதான் ஆபத்து. 30 இருக்கும் இடத்தில் 45 காட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உங்களை நிம்மதியாக வைத்திருக்கும்.

வெப்ப சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். குறையும் வேகம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு. கடையில் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று உதிரி சென்சார் கொடுத்தால் வாங்காதீர்கள். மீட்டரும் சென்சாரும் ஒரே பெட்டியில் வந்ததாக இருக்கட்டும். அந்தச் சென்சாரின் எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் மாற்றும்போது தேவைப்படும்.

சென்சார் மரை இன்ஜினில் ஏறவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருப்பலாமா?

கூடாது. அமெரிக்க என்.பி.டி. 1/8 மரையில் அங்குலத்துக்கு 27 இழை. பிரிட்டிஷ் பி.எஸ்.பி. 1/8 மரையில் 28 இழை. கையால் திருப்பும்போது முதல் இரண்டு சுற்று இரண்டுமே இனிமையாக ஏறும். மூன்றாவது சுற்றில் பிடிக்கும். அங்கே ஸ்பேனர் போட்டால் வார்ப்பிரும்பு பிளாக்கின் மரை கெடும், அல்லது சென்சாரின் பித்தளைக் கழுத்து முறிந்து உள்ளேயே தங்கும். எம்10 மெட்ரிக் மரையும் அளவில் இவற்றுக்கு மிக அருகில் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

பிரிட்டிஷ் வழி வந்த இன்ஜின்தானே, பி.எஸ்.பி.யாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் கைபட்டு, எந்த டேப் போட்டு மரையைப் புதுப்பித்தார்களோ! பழைய சுவிட்சைக் கழற்றி, இழை அளவியை அதன் மரையில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பழைய சுவிட்சையும் புதிய சென்சாரையும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் ஒரு பித்தளை அடாப்டர் கடைந்து வாங்குவதே சரியான வழி. அரை மணி நேர வேலை.

வெப்ப சென்சாரை எங்கே பொருத்த வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

சென்சார் சிலிண்டர் ஹெட்டிலிருந்து வெளிவரும் தண்ணீரைத் தொட வேண்டும், தெர்மோஸ்டாட்டுக்கு (தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) முன்னால். பி.எம்.சி. இன்ஜினில் அந்த இடம் ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட் கூட்டுக்குக் கீழே இருக்கிறது. சில வண்டிகளில் அங்கே பழைய சென்சார் இருக்கும், சிலவற்றில் பிளக் போட்டு மூடியிருக்கும். பல ஆண்டு அசையாத பிளக் என்றால் முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி அணைத்துவிட்டு, சரியான அளவு ரிங் ஸ்பேனரால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக் கழற்ற வேண்டும். பிளக்கைச் சுற்றித் துரு மண்டியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் முதலில் துடையுங்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் செம்மண் குழம்பு போல அடைத்திருக்கக்கூடும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓடிய வண்டிகளில் இது சாதாரணம். அதைச் சுரண்டி எடுக்காமல் சென்சாரைத் திருகினால் அது தண்ணீரைத் தொடாமல் சேற்றில் புதைந்து நிற்கும். முள் மெதுவாக ஏறும், எப்போதும் குறைத்தே காட்டும்.

ரேடியேட்டர் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் அலுமினிய அடாப்டர் வைத்து அதில் சென்சாரைப் பொருத்தும் வழக்கமும் உண்டு. ஹெட்டில் இடமே இல்லாதபோது இது பரவாயில்லை. ஆனால் தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதான் அங்கே சூடான தண்ணீர் வரும். தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் ஹெட் கொதிக்கும், மீட்டரோ குளிர்ச்சியாகக் காட்டும். தவிர, இரு பக்கமும் ரப்பர் ஹோஸ் இருப்பதால் அடாப்டருக்கு எர்த் கிடைக்காது. தனி எர்த் ஒயர் போட வேண்டும். ரேடியேட்டரின் அடித் தொட்டியில் சென்சார் வைப்பது இன்னும் தவறு, அது ஆறிய தண்ணீரை அளக்கிறது.

எந்த இடத்தில் வைத்தாலும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரைதான் அளவு சரி. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் இறங்கவும் செய்யும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். அந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டுங்கள்.

ஆயில் சென்சாரைப் போட்டால் பழைய விளக்கு சுவிட்ச் எங்கே போகும்?

இரண்டும் இருக்கட்டும். விளக்கு கண்ணை இழுக்கும், மீட்டர் அளவைச் சொல்லும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. அதற்கு டி வடிவ இணைப்பு (டீ) போடுவார்கள். இங்கே ஒரு கவனம் தேவை. வி.டி.ஓ. வகை ஆயில் சென்சார் கனமான உருளை. பிளாக்கில் திருகிய சிறு பித்தளை டீயின் நுனியில் அதைத் தொங்கவிட்டால், இன்ஜின் அதிர்வில் டீயின் கழுத்து அறுந்துவிடும். அறுந்தால் ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் சாலையில். ஆகவே பிளாக்கிலிருந்து பின்னல் ஹோஸ் எடுத்து, டீயையும் சென்சாரையும் ஃபயர்வாலில் பட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் சென்சார் உடலுக்குத் தனி எர்த் ஒயர் கட்டாயம்.

மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றக் கூடாது. எர்த் பழுதாகும், கிழிந்த துணுக்கு ஆயில் வழிக்குள் போகும். நுனியில் ஓர் இழை விட்டு, திரவ சீலன்ட் சிறிதளவு தடவினால் போதும்.

டேஷ்போர்டில் துளை போடலாமா?

முடிந்தவரை வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஒரு பழைய டேஷ்போர்டை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். அதே போன்ற இன்னொன்று இனி தொழிற்சாலையிலிருந்து வரப்போவதில்லை. டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் ஏற்கெனவே உள்ள திருகுகளைப் பயன்படுத்தி, மூன்று மீட்டர் கொள்ளும் தகட்டுப் பட்டையைத் தொங்கவிடலாம். கறுப்பு பெயின்ட் அடித்த, கச்சிதமான, மடித்த விளிம்பு கொண்ட பட்டை வண்டியோடு பிறந்தது போலவே இருக்கும். ரேடியோ இல்லாத வண்டியில் ரேடியோ இடத்தை மூடும் தகட்டை வெட்டலாம். அசல் மூடியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதே வடிவில் இன்னொரு தகடு வெட்டித் துளையிடுங்கள்.

துளை போட்டே தீர வேண்டும் என்றால் அளவு 52 மி.மீ., அதாவது 2 1/16 அங்குலம். பெரும்பாலான மீட்டர்கள் இந்த அளவுதான். முதலில் அட்டையில் வட்டம் வெட்டி, நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்து, இரு கையும் ஸ்டீயரிங்கில் வைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் வளையமோ உங்கள் கையோ மறைத்தால் இடத்தை மாற்றுங்கள். பிறகு கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மீட்டரும் அதன் பின்னால் திரும்பும் ஒயர்களும் சேர்ந்து 80 மி.மீ. ஆழம் கேட்கும். வைப்பர் இணைப்புக் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள், காற்றுக் குழாய் ஆகியவை அங்கேதான் இருக்கும். ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கூர்மையாக வளைக்க நேர்ந்தால் அந்த இடம் ஆகாது.

தகடு என்றால் மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, மையத்தைப் பஞ்சால் குத்தி, சிறு டிரில் ஓட்டி, பிறகு ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்). வேகம் குறைவாக, ஒரு சொட்டு எண்ணெயோடு. பின்னால் உள்ள ஒயர்களைத் துணியால் மூடியிருக்க வேண்டும். விழும் இரும்புத் தூள் ஒயரிங்குக்குள் புகுந்தால் என்றைக்காவது ஷார்ட் ஆகும். வெட்டிய விளிம்பை அரத்தால் மழித்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். நம் கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், அந்த வளையம் முழுக்கத் துரு ஏறிவிடும்.

பந்தய வண்டிக்காரர்களின் ஒரு பழக்கத்தை நீங்களும் பின்பற்றலாம். பின்பக்க கிளாம்பை இறுக்கும் முன் மீட்டரைச் சற்றுத் திருப்பி, வழக்கமான அளவில் முள் நேர் மேலே நிற்கும்படி வைப்பார்கள். எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்து தெரியும். ஆனால் எண்ணைப் படிக்காமலேயே, முள் நிமிர்ந்து நிற்கிறதா என்று கண்ணோரத்தில் பார்த்தால் போதும்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். பழைய டேஷ்போர்டின் பின்னால் பியூஸ் இல்லாத ஒயர்கள் பல ஓடுகின்றன. ஸ்பேனர் ஒன்று தவறிப் பட்டால் ஒயரிங் முழுக்கப் புகைந்துவிடும்.

லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஒயர் வண்ண முறையில் பச்சை ஒயர் இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வரும் பியூஸ் வழி, வெள்ளை இக்னிஷன் வழி, பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ள வழி, கறுப்பு எர்த், சிவப்பு பார்க்கிங் விளக்கு. மீட்டருக்கு ஏற்றது பச்சை. ஆனால் பழைய வண்டிகளில் கைக்குக் கிடைத்த நிறத்தில் ஒயர் மாற்றியிருப்பார்கள், ஆகவே டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்காமல் எந்த நிறத்தையும் நம்ப வேண்டாம். மீட்டர் ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். 1 சதுர மி.மீ. ஒயரும், கரண்ட் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே 2 அல்லது 3 ஆம்ப் தனி பியூஸும் போதும். ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் வெயிலில் அந்த டேப் பசை இளகி அவிழ்ந்துவிடும்.

1960களின் நடுவிலிருந்து பல பிரிட்டிஷ் வழி வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி இருக்கும். அசல் பெட்ரோல், வெப்ப மீட்டர்களுக்கு அது சராசரி 10 வோல்ட் தருகிறது. புதிய 12 வோல்ட் மீட்டரை அதன் வெளிவழியில் இணைத்தால் புதியதும் தவறும், பழையதும் தவறும்.

எர்த் பற்றி ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

எலக்ட்ரிக் மீட்டர் அளப்பதே சென்சார் வழியாக எர்த்துக்குப் போகும் மின்னோட்டத்தைத்தான். வழியில் துரு தரும் 20 ஓம் கூடினால், அதையும் சென்சாரின் ஓம் என்றே மீட்டர் கணக்கிடும். அதனால் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை எர்த்தைக் கழற்றி, இரு முனையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துப் பொருத்துங்கள். மீட்டர்களின் எர்த்தை டேஷ்போர்டு தகட்டில் விடாமல் ஒரே இடத்தில் சேர்த்து பாடியில் திருகுங்கள்.

மிகப் பழைய வண்டி என்றால் பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பாசிட்டிவ் எர்த். அதில் எலக்ட்ரானிக் மீட்டரையோ எல்.இ.டி. பல்பையோ வழக்கம்போல இணைத்தால் வேலை செய்யாது, சில கெட்டும் போகும்.

அம்மீட்டர் போடலாமா, வோல்ட் மீட்டர் போடலாமா?

வோல்ட் மீட்டர். அம்மீட்டர் வழியாக சார்ஜிங் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டுக்குள் வந்து திரும்ப வேண்டும், தடித்த ஒயரில், பெரும்பாலும் பியூஸ் இல்லாமல். டைனமோ காலத்தில் 30 ஆம்ப் அம்மீட்டர் போதுமாக இருந்தது. இப்போது பலர் ஆல்டர்னேட்டருக்கு மாறிவிட்டார்கள், அது இதைவிட அதிகம் தரும். நட் தளர்ந்த அம்மீட்டர் டெர்மினல் சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்மையானது.

வோல்ட் மீட்டரில் இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 இருந்தால் பேட்டரி முழு சார்ஜ். ஆல்டர்னேட்டர் ஓடும்போது 13.8 முதல் 14.4. இதற்கு மேல் 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள், பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. மீட்டர் காட்டும் அளவும் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் காட்டும் அளவும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால், இடையில் இக்னிஷன் சுவிட்ச் அல்லது பியூஸ் பெட்டி தேய்ந்திருக்கிறது. வோல்ட் மீட்டர் தரும் இலவசத் தகவல் அது.

மீட்டர் உள்விளக்கை எதோடு இணைப்பது?

பார்க்கிங் விளக்கு போடும்போது கரண்ட் வரும் சிவப்பு வழியோடு. டேஷ்போர்டு விளக்கைக் குறைக்கும் குமிழ் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள வழியோடு. எல்.இ.டி. பல்பு அந்தக் குமிழுக்குச் சரியாகப் பணியாது, இரவில் கண்ணைக் குத்தும். பழைய மஞ்சள் பல்பே நல்லது.

டாக்கோமீட்டரும் (இன்ஜின் சுற்று வேகம் காட்டும் மீட்டர்) போடலாமா?

பெட்ரோல் வண்டியில் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலிருந்து ஒரு ஒயர். மீட்டரின் தேர்வு சுவிட்சை நான்கு சிலிண்டரில் வையுங்கள். டீசல் அம்பாசிடரில் காயில் இல்லை. அதற்கு ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து சிக்னல் எடுக்கும் வகை வேண்டும்.

மீட்டர் உண்மை சொல்கிறதா என்று வீட்டில் சோதிக்க முடியுமா?

வெப்ப மீட்டரைச் சோதிப்பது எளிது, பொருத்தும் முன்பே செய்துவிடுங்கள். சென்சாரை ஒரு பாத்திரத் தண்ணீரில் நுனி மூழ்கும்படி தொங்கவிட்டு, உடலுக்கு எர்த் ஒயர் கட்டி, மீட்டரைப் பேட்டரியோடு இணைத்துத் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சென்னையில் முள் 100 டிகிரியில் நிற்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 93 காட்டினால் மீட்டர் மீது குறை இல்லை. ஐந்து டிகிரிக்கு மேல் வேறுபட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

பொருத்திய பிறகு எந்த அளவு வழக்கமானது, எது ஆபத்து?

82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள வண்டி சமவெளியில் 80 முதல் 95க்குள் நிற்கும். ரேடியேட்டர் மூடி 7 பி.எஸ்.ஐ. என்றால், அது வெறும் தண்ணீரின் கொதிநிலையை 110ஐ ஒட்டி உயர்த்துகிறது. 105ஐத் தொட்டால் நிறுத்துவது நல்லது. நெரிசலில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று போதவில்லை என்று பொருள்; ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் தகடுகளில் படிந்த மண் ஆகியவற்றைப் பாருங்கள். வேகமாக ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

மலை ஏற்றத்தில் மீட்டரின் அருமை தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில், காற்றோட்டம் குறைவாக, இன்ஜின் முழு பாரத்தில் ஏறும். முள் 85இலிருந்து 90, 95 என்று வளைவுக்கு வளைவு நகர்வதைப் பார்க்கலாம். 100ஐ நெருங்கும்போது, கொதிப்பதற்கு முன்பே, அகலமான இடத்தில் நிறுத்தி இன்ஜினை வேகமான ஐடிலிங்கில் விட முடிகிறது. நிறுத்தியதும் உடனே அணைத்தால் வாட்டர் பம்பும் நின்றுவிடும், ஹெட்டில் உள்ள சூடு தேங்கி முள் இன்னும் சில டிகிரி ஏறும். இதைப் பார்த்துப் பயந்து ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர்கள் கை, முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள். சூட்டில் மூடியைத் தொடவே கூடாது.

ஆயிலில், குளிர்ந்த இன்ஜின் அதிகமாகக் காட்டுவது இயல்பு. ஆயில் நன்றாகச் சூடான பிறகு, ஓட்டத்தில் ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. ஐடிலிங்கில் 15க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. வளைவில் மட்டும் முள் சட்டென்று விழுந்து எழுந்தால் ஆயில் அளவு குறைவு, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

முள் அசையவில்லை, அல்லது உச்சத்திலேயே நிற்கிறது. என்ன செய்வது?

சென்சார் ஒயரைக் கழற்றி, இக்னிஷன் போட்டு, அந்த ஒயரின் நுனியை ஒரு கணம் இன்ஜினில் தொடுங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சாரில் அல்லது அதன் எர்த்தில். அசையாவிட்டால் மீட்டருக்கு வரும் கரண்டைப் பாருங்கள். இண்டிகேட்டர் போடும்போது முள் துடித்தால் எர்த், வேறெதுவும் இல்லை.

ஆர்.சி. புத்தகத்தில் இதைப் பதிய வேண்டுமா?

மீட்டர் பொருத்துவதால் ஆர்.சி.யில் உள்ள விவரம் எதுவும் மாறுவதில்லை. கண்ணாடி வழியே சாலையை மறைக்காத இடத்தில் இருந்தால் போதும். 50 ஆண்டைக் கடந்த வண்டிகளை விண்டேஜ் வகையில் பதிவதற்கான விதிகளை மத்திய அரசு 2021இல் கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் வண்டி இருக்க வேண்டும் என்கின்றன அவை. அந்தப் பதிவை நினைத்திருப்பவர்கள் வெட்டாத டேஷ்போர்டை வைத்துக்கொள்வது நல்லது.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஸ்மித்ஸ் கம்பெனியின் பழைய மீட்டர் கிடைக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. அந்தக் கால வண்டிக்கு அந்தக் கால முகப்பு தரும் அழகைப் புதிய மீட்டர் தராது. மெக்கானிக்கல் வெப்ப மீட்டர் என்றால் டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிக் குமிழை அதில் வைத்துப் பாருங்கள். முள் அசையாவிட்டால் உள்ளே இருந்த திரவம் போய்விட்டது, விலை பேசாமல் திரும்புங்கள். மயிரிழைக் குழாயில் மடிப்பு, பற்று வைத்த தடம் இருக்கிறதா என்று விரலால் முழு நீளமும் தடவிப் பாருங்கள். ஆயில் மீட்டர் என்றால் பின்பக்க மரை கெடாமல் இருக்கிறதா, பிரஷர் இல்லாதபோது முள் சுழியத்தில் படுக்கிறதா என்பதைக் கவனியுங்கள். எலக்ட்ரிக் என்றால் அதற்குரிய சென்சாரும் சேர்ந்து கிடைத்தால் மட்டுமே வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் வேறு என்ன செய்ய வேண்டும்?

இன்ஜினை ஓட விட்டு, சென்சார்களின் அடியில் வெள்ளைக் காகிதம் வைத்துக் கசிவு பாருங்கள். ஃபயர்வால் துளையில் ரப்பர் குரோமெட் (தகட்டு விளிம்பு ஒயரை அறுக்காமல் காக்கும் வளையம்) இருக்கிறதா, ஒயர் எதுவும் ஆக்ஸிலரேட்டர் இணைப்பையோ ஸ்டீயரிங் தண்டையோ தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு இணைப்புகளை மறுபடியும் இறுக்கம் பாருங்கள். எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, பியூஸ் எங்கே, சென்சார் எண் என்ன என்று ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு கிளவ் பாக்ஸில் வையுங்கள். வெளியூரில் வண்டி நின்றால் அங்குள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அந்தத் தாள் இரண்டு மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.